ஆறாவது கேட்ச்

உக்காருங்க சார். போட்டோ அப்புறம் எடுக்கலாம். நம்ம கிளப்போட ஐம்பதாவது வருஷ மலர்ல என்னைப் பத்தி ஒரே ஒரு வரி போடப்போறதா போன்ல சொன்னீங்க. "நாலாவது டிவிஷன், 1989, விக்கெட் கீப்பர் குணசீலன், ஒரே இன்னிங்ஸ்ல ஆறு கேட்ச், இன்னிக்கு வரைக்கும் யாரும் தாண்டல." அதானே? அந்த ஒரு வரியைப் பத்தித்தான் உங்ககிட்ட பேசணும். நோட்டை எடுக்காதீங்க. முதல்ல கேளுங்க.

நான் கீப்பர் ஆனதே தற்செயல்தான். வேலூர்ல காலேஜ் சேர்ந்த புதுசு. எனக்கு பேட்டிங்கும் சுமார், பவுலிங்கும் வராது. ஆனா டீம்ல இருக்கணும்னு ஒரு வெறி. அந்த வருஷம் கீப்பரா இருந்த சீனியருக்குப் பொன்னுக்கு வீங்கி. யாருடா ஸ்டம்புக்குப் பின்னாடி குந்துவீங்கன்னு கேப்டன் கேட்டார். ஒரு பய வாயைத் திறக்கல. நான் கையைத் தூக்கினேன். அவ்வளவுதான். அன்னிக்குக் குந்தினவன், பதிமூணு வருஷம் குந்தினேன்.

எல்லாரும் ஏன் பயந்தாங்கன்னா, எங்க ஃபாஸ்ட் பவுலர் எபினேசர். காட்பாடிப் பையன். ஆறடிக்கு மேல, ஒல்லி, வாயில வார்த்தையே வராது. ஆனா பந்து கையை விட்டுப் போச்சுன்னா பூனை சீறுற மாதிரி ஒரு சத்தம். முதல் பந்து நேரா என் நெஞ்சுல. இங்க. மூச்சே நின்னுபோச்சு. எபி ஓடி வந்து, "வலிக்குதா?"ன்னான். "இல்ல, போடு"ன்னேன். அதுலேருந்து ஃபிரெண்ட்ஸ்.

சார், கிரிக்கெட் பாக்கறவங்க எல்லாரும் பவுலரைப் பாப்பாங்க, பேட்ஸ்மேனைப் பாப்பாங்க. கீப்பரைப் பாக்க மாட்டாங்க. ஆனா ஆட்டத்தை நடத்தறவன் கீப்பர். பேட்ஸ்மேன் கால் எங்க நகருது, எந்தப் பந்துக்குப் பயப்படறான், எல்லாம் எனக்குத்தான் தெரியும். அதனால நானும் எபியும் சைகை வச்சிருந்தோம். நான் தொடையைத் தட்டினா காலுக்கு. வலது கிளவுஸை வெளிய காட்டினா ஆஃப் சைடு. தொப்பியைத் தொட்டா பவுன்சர், தலை உயரத்துக்கு. அவனுக்கு யோசிக்கப் பிடிக்காது. "நீ சொல்லு குணா, நான் போடறேன்"பான். மூணு வருஷம் காலேஜ்ல அப்படித்தான் ஆடினோம். யுனிவர்சிட்டி மேட்ச் வரைக்கும் போனோம்.

காலேஜ் முடிஞ்சதும் ரெண்டு பேரும் மெட்ராஸ் வந்தோம். அயனாவரத்துல ஒரே ரூம். அப்பத்தான் நம்ம கிளப்ல சேர்ந்தோம். உங்களுக்குத் தெரியும், அஞ்சாவது டிவிஷன்ல ஆடறதுன்னா என்னன்னு. மண்ணு மேல பாய் மாதிரி மேட்டிங்கை விரிச்சு, நாலு பக்கமும் ஆணி அடிச்சு ஆடணும். ஒரு மைதானத்துல மேட்ச் நடக்கும்போதே குறுக்கால மாடு போகும். வேடிக்கை பாக்க காக்காதான். கிட் பேக்கைத் தூக்கிட்டு பஸ்ல ஏறினா கண்டக்டர் திட்டுவார். ஞாயித்துக்கிழமை முழுக்கக் குந்தி எழுந்து, திங்கக்கிழமை படிக்கட்டு இறங்க முடியாது. ஆனா சந்தோஷமா இருந்தோம் சார். ரெண்டு சீசன்ல கிளப்பை நாலாவது டிவிஷனுக்குத் தூக்கிட்டு வந்தோம். நாங்கன்னா நானும் எபியும். ஸ்கோர் புக்கைப் புரட்டிப் பாருங்க, பக்கத்துக்குப் பக்கம் "கேட்ச் குணசீலன், பவுல்டு எபினேசர்"னுதான் இருக்கும்.

சரி. அந்த மேட்சுக்கு வரேன்.

பொங்கலுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. வியாசர்பாடிப் பக்கம் ஒரு மைதானம், இப்ப அது இல்ல, ஃபிளாட் ஆயிடுச்சு. எதிர் டீம், அச்சகத்துல வேலை செய்யறவங்க சேர்ந்து வச்சிருந்த டீம். அன்னிக்கு ஒரு விசேஷம். முதல் டிவிஷன்ல ஆடற ஒரு கம்பெனி டீம்ல கீப்பருக்கு முட்டி போயிடுச்சு. வேற ஆள் தேடறாங்க. அந்த டீம் மேனேஜர் என்னைப் பாக்கன்னே வந்திருந்தார். வேப்பமரத்தடியில கார். கார் மேல சாஞ்சு நின்னு பாக்கறார். முதல் டிவிஷன் சார்! கூடவே கம்பெனியில வேலை. நாலாவது டிவிஷன்லேருந்து நேரா முதல் டிவிஷனுக்கு யார் போயிருக்கா?

எபி அன்னிக்குப் பேய் மாதிரி போட்டான். எட்டு விக்கெட்ல அஞ்சு நான் பிடிச்சது. அஞ்சு! பவுண்டரிகிட்டேருந்து நம்ம ஸ்கோரர் கத்தறார், "குணா, இன்னும் ஒண்ணு பிடிச்சா டிவிஷன் ரெக்கார்டுடா!" மேனேஜருக்கும் அது காதுல விழுந்திருக்கும். சிரிச்சார்.

அப்பத்தான் நரசிம்மலு வந்தார்.

முப்பத்தஞ்சு வயசு இருக்கும். அச்சுக்கோக்கற வேலை. சோடாபுட்டிக் கண்ணாடி, அது விழாம இருக்கப் பின்னாடி ஒரு கயிறு கட்டியிருந்தார். ஹெல்மெட் இல்ல. அந்த டீமுக்கே ஒரு ஹெல்மெட்தான், கண்ணாடி மேல அது அவருக்கு ஏறாது. வந்து ஸ்டம்புக்கு முன்னாடி நின்னு, திரும்பாமலே என்கிட்ட சொன்னார்: "கீப்பர் சார், அவசரமா அவுட் ஆக்கிடாதீங்க. சீக்கிரம் வீட்டுக்குப் போனா பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கச் சொல்வா." எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஸ்லிப்ல நின்னவனும் சிரிச்சான்.

ஆனா மனுஷன் நல்லா நின்னார் சார். நாலு பந்து. காலை முன்னாடி போட்டு, பேட்டை நேரா வச்சு, தடுத்துட்டார். போல்டாக்கலாம், அது எபிக்குப் பெரிய விஷயமில்ல. ஆனா போல்டானா எனக்கு என்ன? எனக்குக் கேட்ச் வேணும். காலை முன்னாடி போடறவருக்கு என்ன பந்து போடணும்? எந்தக் கீப்பரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். தொப்பியைத் தொட்டேன்.

எபி தலையை ஆட்டினான். வேண்டாம்னு. தன் கண்ணைக் காட்டினான், கண்ணாடி போட்டிருக்காருன்னு. மூணு வருஷம் காலேஜ், ரெண்டு சீசனுக்கு மேல லீக், அதுல ஒரு தடவைகூட அவன் மாட்டேன்னு சொன்னதில்ல. எனக்கு எரிச்சல். மறுபடி தொப்பியைத் தொட்டேன். அவன் அப்படியே நின்னான். பந்தைப் பேண்ட்ல தேய்ச்சுக்கிட்டே நின்னான். அப்புறம் ஓடி வந்தான். கீப்பர் சொன்னா பவுலர் போடணும் சார், ஆட்டத்துல அது சாதாரணம், அதை விடுங்க. நான் சொல்ல வந்தது அதுக்கப்புறம் நடந்தது.

மேட்டிங்ல எங்கயோ ஒரு புடைப்பு. பந்து அதுல பட்டு எழும்பிச்சு. நரசிம்மலு கையைத் தூக்கினார், முகத்தைத் திருப்பினார். காதுக்கு மேல பட்டுச்சு. ஒரு சத்தம். நீங்க கேட்டிருக்க மாட்டீங்க அப்படி ஒரு சத்தம். பெரிசால்லாம் இல்ல. தேங்காய் முத்தலான்னு விரலால சுண்டிப் பாப்போமே, அப்படி. பந்து மேல எழும்பிச்சு. நான் மூணு அடி ஓடி, முன்னாடி பாஞ்சு, தரைக்கு நாலு விரக்கடை மேல பிடிச்சேன். பிடிச்ச கையோட கத்தினேன், "ஹவ் இஸ் தட்!" என் வாழ்க்கையிலயே அவ்வளவு சத்தமா கத்தினதில்ல. அம்பயர் விரலைத் தூக்கிட்டார்.

கிளவுஸ்ல படல சார். பேட்ல படல. நேரா தலையில பட்டுச்சு. தலையில பட்டு வந்தா அது அவுட்டே கிடையாது. அம்பயருக்கு நரசிம்மலுவோட கை மறைச்சது. எனக்கு மறைக்கல. நான் பாத்தேன்.

இன்னொண்ணு சொல்றேன், யோசிச்சுப் பாருங்க. கீப்பருக்கு எல்லா பேட்ஸ்மேனும் முதுகுதான். ஆயிரம் பேரை நான் முதுகாத்தான் பாத்திருக்கேன். சட்டைக் கசங்கல், கழுத்து வேர்வை, அவ்வளவுதான். நரசிம்மலு திரும்பினார். முழுசாத் திரும்பி என்னைப் பாத்தார். கண்ணாடி எங்கயோ போய் விழுந்துடுச்சு, கண்ணைச் சுருக்கிக்கிட்டுத் தேடற மாதிரி பாத்தார். "படல சார்"ன்னார். கோவமே இல்ல. எனக்கு ஏதோ தெரியாத மாதிரியும், அவர் சொல்லிக் குடுக்கற மாதிரியும். "கிளவுஸ்ல படல சார்." அப்புறம் அவரே நடந்து வெளிய போனார்.

ரத்தம்கூட வரல. மரத்தடியில உக்காந்து பேடைக் கழட்டினார், தண்ணி குடிச்சார். நாங்க மேட்சை முடிச்சு, என்னைத் தோள்ல தூக்கிட்டு வராங்க. அப்ப அந்தப் பக்கம் ஒரு கூச்சல். வாந்தி எடுத்துட்டுச் சாஞ்சிட்டார். மேனேஜர் கார்லதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. எபி மடியில தலையை வச்சுக்கிட்டு. பொங்கலுக்கு மறுநாள் போயிட்டார்.

போலீஸ் விசாரிச்சாங்க. விளையாட்டுல நடந்ததுன்னு எழுதி முடிச்சாங்க. எபியைத்தான் நிறைய கேட்டாங்க. "கண்ணாடி போட்டவருக்கு, ஹெல்மெட் இல்லாதவருக்கு, ஏம்பா அப்படிப் போட்டே?" எபி சொன்னான், "தோணுச்சு சார், போட்டேன்." ரெண்டு தடவை கேட்டாங்க. ரெண்டு தடவையும் அதையேதான் சொன்னான். நான் பக்கத்துல பெஞ்சுல உக்காந்திருந்தேன். என்கிட்ட ஒரே கேள்விதான், பந்து எங்க பட்டுச்சுன்னு. "கிளவுஸ்ல பட்டு, அப்புறம் தலையில பட்டுச்சு"ன்னேன். அம்பயர் அப்படித்தானே குடுத்திருக்கார்? நான் மாத்திச் சொன்னா ரெக்கார்டு என்ன ஆகும், மேனேஜர் என்ன நினைப்பார்? ஒரு வார்த்தைதானேன்னு இருந்தது.

ஆனா அதோட போகல. ஒரு மாசம் கழிச்சு, நாங்க ஆடிக்கிட்டிருந்த மைதானத்துக்கு ஒரு அம்மா வந்தாங்க, அண்ணன்காரரோட. நரசிம்மலு சம்சாரம். கோமளான்னு பேர். என்னை விட நாலஞ்சு வயசுதான் அதிகம். லஞ்ச் நேரம். யாரு கீப்பர்னு கேட்டு, நேரா என்கிட்ட வந்தாங்க. அழல. "ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் நினைவு இருந்துச்சு. திரும்பத் திரும்ப ஒண்ணையே சொன்னார். படல கோமளா, நான் அவுட் இல்ல, அந்தக் கீப்பருக்குத் தெரியும்னார். நிஜமா தம்பி? படலையா?"

சோத்துக் கையோட நிக்கறேன் சார். டீமே பாக்குது. கம்பெனி வேலைக்கு ஆர்டர் வந்து ரெண்டு நாள்தான் ஆகுது.

"பட்டுதும்மா"ன்னேன்.

அவங்க தலையை ஆட்டினாங்க. "சரி தம்பி, சாப்பிடுங்க"ன்னுட்டுப் போயிட்டாங்க. திரும்பிப் பாத்தா எபி நிக்கறான். அவன் அந்த அம்மா போற பக்கம் பாக்கல, என்னையும் பாக்கல. அன்னிக்கே ஷூவைக் கழட்டினவன்தான். அதுக்கப்புறம் பந்தைத் தொடல. ரூமைக் காலி பண்ணிட்டுப் போயிட்டான். ஏதோ பஸ் டிப்போவுல கிளார்க் வேலைன்னு கேள்விப்பட்டேன். எனக்குக் கோவம்தான் வந்துச்சு. இவ்வளவு நல்ல பவுலர், இப்படிப் பாதியில விட்டுட்டானேன்னு. என்னை மட்டும் தனியா விட்டுட்டானேன்னு.

முதல் டிவிஷன்ல ஆடினேன். புல்லுத் தரை, சைட் ஸ்கிரீன், டீக்கு பிஸ்கட். மூணாவது மேட்ச். ஒரு எட்ஜ், சுலபமான கேட்ச், பிடிச்சுட்டேன், கத்தினேன். பேட்ஸ்மேன் திரும்பினான். எல்லாரும் அப்படித் திரும்பறதுதான், கேட்ச் சரியா விழுந்துச்சான்னு பாக்க. திரும்பினவனுக்கு நரசிம்மலு முகம் சார். சோடாபுட்டிக் கண்ணாடி இல்லாத முகம். கண்ணைச் சுருக்கிக்கிட்டு. "படல சார்"னு சொல்லப் போற வாய்.

பட்டப்பகல். வெயில் சுள்ளுன்னு அடிக்குது. அந்த வெளிச்சத்துல.

முதல் தடவை பிரமைன்னு விட்டேன். அடுத்த மேட்ச்லயும் அப்படித்தான். அப்புறம் நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். நான் கத்தினாத்தானே திரும்பறாங்க? கத்தலன்னா திரும்ப மாட்டாங்க. எல்லாரும் முதுகாவே இருப்பாங்க. கத்தறதை விட்டுட்டேன். பந்தைப் பிடிப்பேன், அப்படியே நிப்பேன். ஒரு தடவை பேட்ல பட்டது ஸ்லிப் வரைக்கும் கேட்டிருக்கு. நான் பந்தைக் கையில வச்சுக்கிட்டு ஊமை மாதிரி நின்னேன். ஸ்லிப்ல ரெண்டு பேர் கத்தினாங்க. அம்பயர் என்னைப் பாத்தார், கீப்பரே கேக்கலையேன்னு தலையை ஆட்டிட்டார். அந்த பேட்ஸ்மேன் செஞ்சுரி அடிச்சான். கேப்டன் என் சட்டையைப் பிடிச்சுட்டார். "ஏண்டா கத்தல? விலைக்கு வாங்கிட்டானா உன்னை?" 

ஒண்ணரை சீசன். அப்புறம் பெஞ்சு. அப்புறம் ரெண்டாவது டிவிஷன், மூணாவது, கடைசியில வந்த இடத்துக்கே, அஞ்சாவது. ஏறினது ஒரே தாவல், இறங்கினது ஒவ்வொரு படியா. முப்பத்தோரு வயசுல கிளவுஸைக் கழட்டினேன். கம்பெனி வேலை மட்டும் நிலைச்சுது, ரிட்டயர் ஆகிற வரைக்கும் ஸ்டோர்ஸ்ல இருந்தேன். ஸ்டோர்ஸ்ல நிம்மதி. கவுண்டருக்கு அந்தப் பக்கம் வர்றவங்க எல்லாரும் முகத்தோடதான் வருவாங்க, அதனால பயம் இல்ல. ஆனா ரோட்ல எனக்கு முன்னாடி ஒருத்தர் நடந்து போனா, அவர் திரும்பிடுவாரோன்னு எதிர்ப்பக்கம் மாறிடுவேன். என் சம்சாரம் கேட்டு அலுத்துப்போச்சு. கோயில்ல வரிசையில நிக்கமாட்டேன். எல்லாரும் முதுகு காட்டிக்கிட்டு நிப்பாங்களே.

நீங்க போன் பண்ணினது எப்ப, பதினஞ்சு நாள் இருக்குமா? "ரெக்கார்டு இன்னும் உங்க பேர்லதான் சார் இருக்கு"ன்னீங்க. அதுக்கப்புறம் எனக்குச் சோறு இறங்கல. அச்சுல வந்துடுமே! நரசிம்மலு அச்சுக்கோத்தவர் சார். அந்தப் பொய்யைப் போய் அச்சுலயா போடறது?

விசாரிச்சு, போன ஞாயித்துக்கிழமை அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். பெரம்பூர்ல, மகளோட இருக்காங்க. கதவைத் திறந்தாங்க. முடியெல்லாம் வெளுத்திருந்தது. "நான் குணசீலன். கீப்பர்"னேன். வழி விட்டு நகர்ந்தாங்க. "வாங்க"ன்னாங்க.

உக்காந்த உடனே சொல்லிட்டேன். "அம்மா, படல. கிளவுஸ்ல படல. அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன்." முப்பத்தஞ்சு வருஷம் சார். 

அந்த அம்மா அமைதியா சொன்னாங்க, "எனக்குத் தெரியும். அவர் பொய் சொல்ல மாட்டார். அன்னிக்கே உங்க முகத்தைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். காபி குடிப்பீங்களா?"

அவ்வளவுதான். திட்டல, அழல. காபி போடப் போனாங்க. அடுப்படியிலேருந்தே, "இருங்க, எபி தம்பி வர்ற நேரம்"னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. முப்பத்தஞ்சு வருஷமா மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை வர்றானாம். ரேஷன் கடை, கரண்டு ஆபீஸ், ஆஸ்பத்திரி, எல்லாத்துக்கும் அவன்தானாம். மகள் கல்யாணத்துல வாசல்ல நின்னு எல்லாரையும் வரவேத்ததே அவன்தானாம்.

வந்தான். தலை முழுக்க வழுக்கை, கொஞ்சம் கூன். ஆறடி எங்க போச்சுன்னு தெரியல. என்னைப் பாத்துட்டு வாசல்லயே நின்னான். "வாடா குணா"ன்னான். நான்தான் வந்திருக்கேன், அவன் என்னை வாடாங்கறான்.

மூணு பேரும் காபி குடிச்சோம். அந்த அம்மாதான் பேசினாங்க. "இந்தத் தம்பிகிட்ட நீங்களாவது சொல்லுங்க. வர்றப்பல்லாம் இதேதான். அந்தப் பந்தை நானாத்தான் யோசிச்சுப் போட்டேன்கா, யாரும் சொல்லல, என் தப்புதான்னு. விளையாட்டுல யாராவது வேணும்னு செய்வாங்களா? எத்தனை தடவை சொல்லிட்டேன்."

எபி டம்ளரையே பாத்துக்கிட்டிருந்தான். அப்புறம் தலையைத் தூக்கி என்னைப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். எனக்குப் பாவமாப் போச்சு சார். எவ்வளவு வருஷமா இதைச் சுமந்துகிட்டுத் திரியறான். நான் அவன் முதுகைத் தட்டிக் குடுத்தேன். "விடுடா எபி. அவங்களே மன்னிச்சுட்டாங்க. இன்னும் ஏன் மனசுல வச்சுக்கிட்டிருக்க?"ன்னேன்.

அவன் டம்ளரைக் கீழ வச்சான்.

கிளம்பினப்ப பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தான். மெதுவாத்தான் நடக்க முடியுது. பாதி தூரம் வந்ததும் கேட்டான், "எல்லாம் சொல்லிட்டியா குணா?"

"சொல்லிட்டேன்டா. கேட்ச் இல்லன்னு சொல்லிட்டேன். கிளப் மலர்ல அதைப் போட வேண்டாம்னு கிளப்காரங்ககிட்டயும் சொல்லப்போறேன்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன?"

நின்னுட்டான் சார். நடுரோட்ல. பின்னாடி ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கறான், நகரல. ஏதோ சொல்லப் போறான்னு நினைச்சேன். அப்புறம் என் கையைப் பிடிச்சு ஓரமாக் கூட்டிட்டு வந்தான். "ஒண்ணுமில்ல. உன் பஸ் வருது பாரு, ஏறு"ன்னான். நான் ஏறி உக்காந்து ஜன்னல் வழியாப் பாக்கறேன், அவன் திரும்பி அந்த அம்மா வீட்டுப் பக்கமே நடந்து போறான்.

ஒரு வாரமா இதைத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன். மனசுல இருந்ததை எல்லாம் இறக்கி வச்சாச்சு. அந்த அம்மாவும் ஏத்துக்கிட்டாங்க. ஆனா நேத்து பால் வாங்கப் போறப்ப முன்னாடி ஒருத்தர் நடந்து போறார், நான் எதிர்ப்பக்கம் மாறிட்டேன். ஏன் சார் இன்னும்? எபி என்ன கேட்டான்? நீங்க முழுசாக் கேட்டீங்களே, நீங்க சொல்லுங்க. நான் அங்க சொல்லாம விட்டது வேற என்ன இருக்கு?